ஆண் எழுத்தில் பெண் விடுதலை: மாதவையா முதல் இன்குலாப் வரை ஆண் பங்கேற்பின் நிலைகள்

ஆய்வுச்சுருக்கம்

பெண்ணியத்திலும் பெண்ணியக் கலையிலும் ஆண்களுக்குரிய இடம் யாது என்னும் வினா, தமிழாய்வில் பெரும்பாலும் பாராட்டாகவோ மறுப்பாகவோ முடிந்துவிடுகின்றது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’, பெரியார் ஈ.வெ.ரா. 1928இல் எழுதிய ஆண்மை பற்றிய கட்டுரை, புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’, ‘சாப விமோசனம்’ ஆகிய சிறுகதைகள், இன்குலாப்பின் ‘ஔவை’ நாடகம் ஆகியவற்றைக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை மீண்டும் எழுப்புகின்றது. பெண்ணின் பெயரால் பேசுதல், ஆணின் நிலையைத் தானே விசாரித்தல், பெண்ணின் மறுப்புக்கு இடமளித்தல், பெண்ணின் நெறியாள்கையில் உழைத்தல் என நான்கு நிலைகள் இப்பனுவல்களில் இனங்காணப்படுகின்றன. பெண்பால் காட்டும் பரிவை அளவுகோலாகக் கொள்வதைவிட, ஆண் என்னும் தகுதியைப் பனுவல் எந்த அளவுக்குக் கேள்விக்கு உட்படுத்துகின்றது என்பதை அளவுகோலாகக் கொள்வது பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பெண்ணியம், ஆண்மை, பெண் குரல், மாதவையா, பெரியார், புதுமைப்பித்தன், இன்குலாப், ஔவை.

முன்னுரை

‘பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர்’ என்னும் தொடர் தமிழ் ஆய்வேடுகளில் மிகுதியும் பயிலும் தொடர்களுள் ஒன்று. வேதநாயகம் பிள்ளை, பாரதியார், பாரதிதாசன், திரு.வி.க. எனத் தொடங்கும் நிரலில் ஓர் ஆசிரியரைச் சேர்த்துவிட்டால், அவருடைய படைப்பில் பெண் பற்றி ஆராய வேண்டியது முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. பெண்ணுக்குக் குரல் இல்லை, அதனை ஆண் வழங்குகின்றான் என்னும் முற்கோள் அத்தொடருக்குள் அடங்கியிருப்பது கவனிக்கப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலைப்பாடும் உண்டு. பெண்ணின் பட்டறிவைப் பெண்ணே எழுத இயலும், ஆண் எழுதுவது ஆண்நோக்கின் மற்றொரு வடிவமே என்பது அது. நெடுங்காலம் பெண்ணைப் பற்றிய எழுத்து ஆண்களின் கையிலேயே இருந்தமையால் எழுந்த நியாயமான எதிர்வினை இது. எனினும் இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எழுதியவர் யார் என்பதோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. எழுதப்பட்ட பனுவல் என்ன செய்கின்றது என்பதற்குள் செல்வதில்லை.

ஆகவே, ஒவ்வொரு பனுவலையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்ப இக்கட்டுரை முற்படுகின்றது. முதலாவது, பனுவலில் யார், யார் பெயரால் பேசுகின்றார்? இரண்டாவது, பெண்ணின் துன்பம் விரித்துரைக்கப்படும்போது ஆணின் நிலை விசாரணைக்கு உட்படுகின்றதா? மூன்றாவது, படைப்பின் இறுதி முடிவு யாருடைய கையில் உள்ளது?

மரபில் ஆண் புனைந்த பெண் குரல்

பெண்ணின் குரலில் ஆண் பேசுதல் தமிழுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றைப் பாடியோர் ஆண்பாற் புலவர்கள். கூற்று என்னும் இலக்கண ஏற்பாடே, பாடுவோரின் பாலையும் பேசுவோரின் பாலையும் வேறுபடுத்தி வைக்கின்றது. மருதத்திணையில் பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனுக்குத் தலைவி வாயில் மறுக்கும் பாடல்கள், பெண்ணின் சினத்தை நுட்பமாகப் பதிவுசெய்கின்றன. ஆயினும் வாயில் மறுத்தலை அடுத்து வாயில் நேர்தல் என்னும் துறையும் அதே மரபில் காத்திருக்கின்றது. தலைவியின் சினம் அறியப்படுகின்றது, மதிக்கவும்படுகின்றது. தலைவன் பிரியும் உரிமையோ அச்சினத்தால் அசைவதில்லை.

பக்தி இலக்கியத்தில் இவ்வழக்கு வேறொரு தளத்திற்குச் செல்கின்றது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடுகின்றனர். இங்குப் பெண்ணிலை என்பது இறைவன்முன் உயிரின் சார்ந்து நிற்கும் தன்மைக்கு உருவகம். ஆண் அந்நிலையை விரும்பி ஏற்கின்றான். பாடல் முடிந்ததும் அதனின்று நீங்கவும் அவனால் இயலும். அவனுக்கு அது பாவனை. பெண்ணுக்கோ அது வாழ்நிலை. ஆண்டாள் பாடல்களில் ‘நான்’ என்பதற்கு உள்ள பொருள், நாயகி பாவத்தில் பாடும் ஆழ்வார்களின் ‘நான்’ என்பதற்கு இல்லாமற் போவது இவ்வேறுபாட்டினாலேயே ஆகும்.

எனவே, பெண் குரலை மேற்கொண்டமை ஒன்றனையே சான்றாகக் கொண்டு ஓர் ஆண் படைப்பாளியைப் பெண்ணியச் சார்பினர் எனக் கூறுதல் பொருந்தாது. ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் அவ்வழக்கு, ஆண்–பெண் உறவின் அமைப்பை மாற்றாமலே நிலைபெற்று வந்துள்ளது. நவீன காலத்தில் அதே வழக்கு மீண்டும் தோன்றும்போது அதில் புதியதாகச் சேர்ந்தது எது என்பதே கேட்கத்தக்கது.

பெண்ணின் பெயரால் பேசுதல்: மாதவையா

அ. மாதவையா (1872–1925) ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடரை 1892இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாக அக்கதை முழுமை பெற்றது. பிராமணப் பெண்ணொருத்தி தன் வரலாற்றைத் தானே சொல்லும் வடிவில் அமைந்த அந்நூல், ‘சாவித்திரி’ என்னும் பெண் புனைபெயரில் வெளிவந்தது. கதைசொல்லி பெண், நூலாசிரியராகக் காட்டப்படுபவரும் பெண். எழுதியவர் மட்டும் ஆண். ஆகவே இங்கே திரை ஒன்றன்று, இரண்டு.

தொடர் தொடங்கிய காலம் கருதத்தக்கது. மணமான சிறுமியர்க்குரிய சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல் நிறைவேறியது. நாடெங்கும் அதையொட்டி எழுந்த விவாதத்தில் பேசியவர்கள் மிகுதியும் ஆண்கள், பேசப்பட்டவர்கள் சிறுமியர். கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தும், சென்னை மாகாணத்தில் 1881இல் இராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் நடத்திவைத்த மறுமணம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இச்சூழலில், விவாதத்தின் பொருளாக மட்டும் இருந்த சிறுமியைத் தன்மையிடத்தில் பேசவைத்ததே ‘முத்துமீனாட்சி’யின் சிறப்பு. இளமை மணம், புகுந்த வீட்டுக் கொடுமை, கைம்மை ஆகியன சீர்திருத்தச் சொற்பொழிவின் தலைப்புகளாக நில்லாமல், அடுக்களையிலும் முற்றத்திலும் நாள்தோறும் நிகழும் செயல்களாக அதில் விரிகின்றன. தன் கதையைத் தானே எழுதுமளவு கல்வி பெற்றவளாக அவளைக் காட்டியிருப்பதும் ஒரு நிலைப்பாடே.

எனினும் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, கதையின் முடிவு. முத்துமீனாட்சியின் துயரம் சீர்திருத்தச் சிந்தையுடைய இளைஞன் ஒருவனை மறுமணம் புரிவதால் தீர்கின்றது. கொடிய ஆணின் வீட்டிலிருந்து நல்ல ஆணின் வீட்டிற்கு அவள் செல்கின்றாள். மறுமணமே மறுக்கப்பட்ட காலத்தில் இது துணிவான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல கணவன் என்னும் தீர்வு, கணவன் என்னும் அதிகாரத்தை விசாரிக்கத் தேவையில்லாமற் செய்துவிடுகின்றது. சீர்திருத்த ஆணுக்கு இக்கதையில் வழங்கப்படும் இடம் மீட்பனுடைய இடம். கதையை எழுதியவரும் சீர்திருத்த ஆணே என்பதை நினையும்போது இவ்விடம் தற்செயலாக அமைந்ததெனக் கொள்ள இயலவில்லை.

மற்றொன்று, பெயர். அரசின் உப்புத்துறையில் பணியாற்றிய மாதவையாவுக்குப் புனைபெயர் ஒரு காப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அக்காலத்தில் பெண்கள் எழுதாமலில்லை. கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ என்னும் ஆங்கிலத் தன்வரலாற்றுப் புதினம், மாதவையா பயின்ற சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழிலேயே 1887–88இல் தொடராக வெளிவந்தது. பெண்ணின் தன்வரலாறு என்னும் வடிவம் மாதவையாவுக்கு முன்னரே, அவருக்கு மிக அருகிலேயே, ஒரு பெண்ணால் கையாளப்பட்டிருந்தது. இதனை நோக்கும்போது, குரலற்றோர்க்குக் குரல் வழங்கியவர் என்று மாதவையாவைப் போற்றும் வழக்கு திருத்தம் வேண்டுவதாகின்றது. பெண்கள் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்த ஒரு களத்தினுள் அவர் நுழைந்தார் என்பதே வரலாற்றுக்கு ஒத்த கூற்று. இத்திருத்தத்தால் அவர் பெருமை குன்றாது. கிருபாபாய் போன்றோரின் பெருமை வெளிப்படும்.

ஆண்மையை விசாரித்தல்: பெரியார்

பெண் விடுதலையில் ஆண்களின் பங்கு பற்றித் தமிழில் எழுந்த மிகக் கடுமையான ஐயம் ஓர் ஆணால் எழுப்பப்பட்டது. ‘குடிஅரசு’ இதழில் 1928இல் பெரியார் எழுதி, பின்னர்ப் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் இறுதி இயலாக அமைந்த கட்டுரை, பெண் விடுதலைக்கு ஆண்மை அழிதல் வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே முன்வைக்கின்றது. இரையாகும் உயிர்கள் தம்மை இரையாக்கும் உயிர்களால் விடுதலை பெறுவதுண்டா என்னும் வகையில் அவர் அடுக்கும் உவமைகள் பலரும் அறிந்தவை. ஆண்கள் பெண் விடுதலைக்கு உழைப்பதாகக் காட்டிக்கொள்வதையே அவர் ஐயத்தோடு நோக்குகின்றார். அம்முயற்சிகள் அடிமைத்தனத்திற்குப் புதிய வலிமை தரக்கூடும் என்பதும், பெண்கள் தாமே முயல வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

இக்கட்டுரையில் உள்ள முரண் வெளிப்படையானது. ஆண்களால் பெண் விடுதலை வாராது என்பதைச் சொல்பவர் ஓர் ஆண். அவ்வாறாயின் அவர் கூற்றை எவ்வாறு ஏற்பது? முரணைச் சுட்டிக் கட்டுரையை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் கட்டுரையின் பொருளமைதியை நோக்கினால், பெண்ணை விடுவிக்கும் பணியைப் பெரியார் ஆணுக்கு ஒதுக்கவில்லை என்பது புலனாகும். ஆணுக்கு அவர் ஒதுக்குவது வேறொரு பணி. வீரம், விடுதலை முதலிய பண்புகளை ஆணுக்கே உரியனவாக்கும் ‘ஆண்மை’ என்னும் சொல்லையும், அச்சொல் காக்கும் உரிமைகளையும் கைவிடுவதே அப்பணி. மாதவையாவின் கதையில் கேள்விக்கு உட்பட்டவன் கெட்ட ஆண். பெரியாரின் கட்டுரையில் கேள்விக்கு உட்படுவது, நல்ல ஆணும் கெட்ட ஆணும் ஒருங்கே பெறும் தகுதி. ஆணின் பங்கு பற்றிய தமிழ்ச் சிந்தனை இங்கு இடம் மாறுகின்றது.

கருத்தடை பற்றிய அவரது வாதத்திலும் இம்மாற்றத்தைக் காணலாம். பெண்ணின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றைக் காரணங்காட்டிப் பிறர் கருத்தடையை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலையையே காரணமாக முன்வைத்தார் பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானம் இயற்றியது. சொத்துரிமை என்பது பரிவு சார்ந்த செய்தியன்று. மகளுக்குப் பங்கு கொடுக்கும்போது மகனின் பங்கு குறைகின்றது. இந்து வாரிசுரிமையில் மகளுக்கும் பிறப்பால் வரும் பங்கை அளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது என்பதை எண்ணினால், இழப்பு உண்டாகும் இடத்தில் ஆண்கள் எத்துணைத் தயங்கினர் என்பது விளங்கும்.

எனினும் பெரியாரின் வாதமும் விமரிசனத்திற்கு அப்பாற்பட்டதன்று. 1928ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிள்ளைப்பேற்றை நிறுத்திக்கொள்ளும் செயல் பெண்ணிடமே விடப்படுகின்றது. ஆண்மையை அழிக்க வேண்டும் என்னும் கூற்று ஆணின் அன்றாட வாழ்வில் எவ்வெச் செயல்களாக மாறவேண்டும் என்பது அதே அளவு விரிவு பெறவில்லை.

இயக்கத்துப் பெண்களின் வரலாறு இவ்விடத்தில் துணைசெய்கின்றது. தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். தாசியைக் காமத்தின் அல்லது கலையின் உருவமாகக் கண்ட ஆண்களின் எழுத்துகளுக்கு இடையே, அம்முறையை ஆண்களின் செல்வமும் குடும்பங்களின் பிழைப்பும் கோயில் வழக்கமும் கூடி இயக்கும் ஏற்பாடாக அப்புதினம் காட்டியது. 1938 நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடே ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என அழைக்கத் தீர்மானித்தது. அம்மாநாட்டில் பங்கேற்ற இராமாமிர்தம் அம்மையார், 1949இல் பெரியார் தம்மினும் மிக இளையவரான மணியம்மையாரை மணந்தபோது அதனை எதிர்த்து விலகினார்.

இந்நிகழ்வைப் பெரியாரின் சார்பாளர் மறக்க விரும்புவதும், எதிர்ப்பாளர் ஏளனத்திற்குப் பயன்படுத்துவதும் வழக்கம். மணியம்மையாரின் சொந்தத் தெரிவை மதியாத நோக்கு இரண்டிலும் உண்டு. பெண்ணிய ஆய்வுக்கு இந்நிகழ்வு தரும் செய்தி வேறு. ஆண் தலைவர் ஒருவர் வகுத்துத் தந்த அளவுகோலை ஏற்ற பெண், அதனைக் கொண்டே அவரை அளக்கவும் தமக்கு உரிமையுண்டு எனக் கருதினார். அவரது தீர்ப்பு சரியா தவறா என்பது தனி விவாதம். தீர்ப்பு வழங்கும் இடத்தில் ஒரு பெண் நின்றார் என்பது, ஆண்களால் விடுதலை வாராது என்ற 1928ஆம் ஆண்டுக் கூற்றுக்கு அவ்வியக்கத்திற்குள்ளேயே எழுந்த மெய்ப்பிப்பு எனலாம்.

மறுப்புக்கு இடமளித்தல்: புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தன் (1906–1948) பெண் விடுதலையைக் கொள்கையாக எழுதியவர் அல்லர். அவருடைய கதைகளில் ஆண்நோக்கின் தடயங்களும் குறைவல்ல. ஆயினும் ஆண் படைப்பாளி ஒருவரிடத்தில் நிகழக்கூடிய மாற்றத்தைக் காண அவர் கதைகள் உதவுகின்றன.

1934இல் வெளிவந்த ‘பொன்னகரம்’ கதையில், விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்கப் பணமின்றித் தவிக்கும் அம்மாளு, இருளில் ஒருவனுடன் ஒதுங்கி முக்கால் ரூபாய் ஈட்டுகின்றாள். கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நோக்கிய சினத்தோடு கதை முடிகின்றது. அச்சினம் நேர்மையானது. ஆயினும் அதன் முகவரியைக் காண வேண்டும். கதைசொல்லி விளிப்பது கற்பின் காவலர்களை, அதாவது பிற ஆண்களை. ஆண்கள் இருசாராருக்கு இடையே நிகழும் வழக்கில் அம்மாளு சான்றாகக் காட்டப்படுகின்றாள். அவள் தன் செயலைப் பற்றி என்ன எண்ணினாள் என்பதற்குக் கதையில் இடமில்லை.

அகலிகை கதையை அவர் இருமுறை எழுதியுள்ளமை இன்னும் தெளிவான சான்று. முதலில் எழுதிய ‘அகல்யை’, சாபமிடாது அமைதியோடு மன்னிக்கும் கௌதமனைப் படைத்தது. மரபுக்கதையின் கொடுமையை அது நீக்கியது உண்மை. ஆனால் மன்னிக்கும் தகுதி ஆணிடமே எஞ்சியது. 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘சாப விமோசனம்’ அதனினும் நெடுந்தொலைவு செல்கின்றது. இராமனின் அடி பட்டு உயிர்பெற்ற அகலிகைக்கு விமோசனத்தின் பின்னும் அமைதி வாய்க்கவில்லை. ஊரார் பேச்சும் தன் நெஞ்சின் உறுத்தலும் அவளைத் தொடர்கின்றன. வனவாசம் முடிந்து திரும்பும் சீதை, தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சொல்லும்போது அகலிகை அதிர்கின்றாள். தனக்கு ஒரு நீதியும் இராமனுக்கு வேறொரு நீதியுமா என்னும் வினா அவளுள் எழுகின்றது. இறுதியில் அவள் மீண்டும் கல்லாகின்றாள்.

முன்னர்ச் சாபத்தால் கல்லானவள், இம்முறை எவர் சாபமுமின்றிக் கல்லாகின்றாள். விமோசனம் அளித்தவனே மற்றொரு பெண்ணைச் சோதித்தவன் என்றறிந்தபின் அவ்விமோசனத்தை அவள் வைத்துக்கொள்ள மறுக்கின்றாள். இங்கே விசாரணைக்கு உட்படுபவன் இந்திரன் அல்லன். மீட்பனாகப் போற்றப்பெற்ற இராமனே உட்படுகின்றான். மாதவையாவின் கதையில் ஐயத்திற்கு அப்பால் நின்ற மீட்பனின் இடம் ‘சாப விமோசன’த்தில் தகர்கின்றது. இரண்டு பெண்கள் தமக்குள் உரையாடியதன் விளைவாக அது நேர்கின்றது என்பதும் கருதத்தக்கது. அவ்வுரையாடலில் ஆண் எவரும் நடுவராக இல்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மறுக்கும் பெண்ணுக்குக் கதை வழங்கும் ஒரே வழி கல்லாதல். மறுத்தபின் வாழ்தல் எவ்வாறு என்பதை ஆண் படைப்பாளியால் கற்பனை செய்ய இயலவில்லை. அக்கற்பனை பின்னாளில் அம்பை முதலான பெண் படைப்பாளிகளிடத்தே வாய்த்தது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுதி (1988), வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டின் அதிகாரத்தை எதிர்கொள்ளும் பெண்களைப் படைத்தது. ஆண் எழுத்து எங்கே நின்றுவிட்டது என்பதை அறியப் பெண் எழுத்தை உடன்வைத்துப் படித்தல் இன்றியமையாதது.

பெண்ணின் நெறியாள்கையில் உழைத்தல்: இன்குலாப்

இதுவரை கண்ட மூவரும் தனித்து எழுதியவர்கள். படைப்பின் இறுதி முடிவு அவர்கள் கையிலேயே இருந்தது. நாடகம் இதனின் வேறுபட்டது. எழுதப்பட்ட பனுவல் நெறியாளர், நடிகர் ஆகியோரின் வழியாகவே மேடையை அடைகின்றது. இவ்வகையில் கவிஞர் இன்குலாப் (1944–2016) எழுதி, பெண்ணிய அரங்கச் செயற்பாட்டாளர் அ. மங்கையின் நெறியாள்கையில் மேடையேறிய ‘ஔவை’ நாடகம், ஆண் பங்கேற்பின் மற்றொரு நிலையைக் காட்டுகின்றது.

ஔவை என்றதும் தமிழர் நினைவில் எழுவது கோலூன்றிய மூதாட்டியின் உருவம். திருமணத்தைத் தவிர்க்க வேண்டி இளமையை நீக்குமாறு விநாயகரை வேண்டிய தொன்மமும், கே.பி. சுந்தராம்பாள் நடித்த 1953ஆம் ஆண்டு ‘ஔவையார்’ திரைப்படமும் அவ்வுருவத்தை நிலைபெறச் செய்தன. அறிவுடைய பெண் ஊர்தோறும் தனித்துத் திரிய வேண்டுமாயின் அவள் உடல் முதுமையால் மறைக்கப்பட வேண்டும் என்பது அவ்வுருவத்தின் உட்பொருள். சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் கொண்ட ஔவையாரோ அவ்வுருவத்துள் அடங்காதவர். காதலைப் பாடியவர், அதியமானின் அவையில் நண்பராக வீற்றிருந்தவர், அவனுடன் கள் பகிர்ந்ததைக் கையறுநிலைப் பாடலில் நினைவுகூர்ந்தவர், தொண்டைமானிடம் தூது சென்றவர். இச்சங்க ஔவையை இளமையும் பாணர் மரபும் உடைய விறலியாக இன்குலாப் மீட்டெடுத்தார்.

இங்கு ஆண் படைப்பாளி செய்த பணி, பெண்ணின் சார்பாகப் புதிய குரலொன்றைப் புனைவதைவிட அடிப்படையானது. ஒரு பெண் முன்னரே பாடிவைத்தவற்றின்மேல் படிந்த போர்வையை விலக்குவதே அப்பணி. அதனினும் முதன்மையானது, பனுவல் பெண் நெறியாளரின் கைக்குச் செல்லுதல். இளமையான ஔவை மேடையில் எவ்வாறு நடக்கிறாள், எவ்வாறு நிற்கிறாள், எங்கே மௌனம் கொள்கிறாள் என்பனவற்றை ஆசிரியர் தனியே தீர்மானிக்க இயலாது. பெண்ணுடல் பற்றிய முடிவுகள் பெண்களிடம் வந்துசேர்கின்றன. தெருக்கூத்திலும் பழைய மேடை நாடகத்திலும் ஆண்களே பெண் வேடம் தரித்து வந்த மரபை இதனோடு ஒப்பிட்டால், மாற்றத்தின் அளவு தெரியவரும்.

இக்கூட்டுழைப்பையும் மிகைப்படுத்தலாகாது. நாடகம் அச்சேறும்போது ஆசிரியரின் பெயரே முன்னிற்கின்றது; நிகழ்த்துதல் மறைந்துவிடுகின்றது. இலக்கிய வரலாறுகள் ‘ஔவை’யை இன்குலாப்பின் நூல் என்று மட்டும் பதிவுசெய்யுமாயின், பெண்ணின் உழைப்பு மீண்டும் ஓர் ஆணின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இப்பொறுப்பு படைப்பாளியைக் காட்டிலும் ஆய்வாளரைச் சேர்ந்தது.

நிலைகளின் ஒப்பீடு

நான்கு நிலைகளையும் முன்னர் எழுப்பிய மூன்று வினாக்களோடு பொருத்திப் பார்க்கலாம். மாதவையா பெண்ணின் பெயரால் பேசுகின்றார். கெட்ட ஆணை விசாரிக்கின்றார். தீர்வை நல்ல ஆணிடம் ஒப்படைக்கின்றார். பெரியார் தம் பெயரிலேயே பேசுகின்றார். ஆண் என்னும் தகுதியையே விசாரிக்கின்றார். தீர்வு பெண்களின் கையில் என்கின்றார். பெண்ணுடலின்மேல் சுமையையும் ஏற்றுகின்றார். ‘சாப விமோசனம்’ மீட்பனை விசாரித்துப் பெண்ணின் மறுப்போடு முடிகின்றது. மறுப்புக்குப் பிந்தைய வாழ்வை அது காட்டவில்லை. ‘ஔவை’ பெண்ணின் பழம்பாடல்களிலிருந்து தொடங்கிப் பெண்ணின் நெறியாள்கையில் முற்றுப்பெறுகின்றது.

இதனைப் படிப்படியான வளர்ச்சி எனக் கொள்வது தவறு. 1928இல் பெரியார் எழுப்பிய ஐயத்தின் கூர்மை பின்வந்த ஆண் எழுத்துகள் பலவற்றில் இல்லை. இன்றும் எழுதப்படும் கதைகளிலும் திரைப்படங்களிலும் ‘நல்ல ஆணால் மீட்கப்படும் பெண்’ என்னும் 1903ஆம் ஆண்டின் வடிவமே மிகுதி. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்ததை ஒட்டியும் சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரின் கவிதைகளை ஒட்டியும் எழுந்த கண்டனங்கள் இதற்குச் சான்று. பெண்ணுடலை நெடுங்காலம் பாடிவந்த மரபு, பெண் தன் உடலைத் தானே பாடியபோது ஒழுக்கத்தின் பெயரால் தடை எழுப்பியது. பெண் துன்புறும்போது பரிவு காட்டுவது எளிது. அவள் தன் சொல்லைத் தானே ஆளும்போது உடனிருப்பது அத்துணை எளிதாக இல்லை. ஆணின் பங்கேற்பு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுவே.

முடிவுரை

பெண்ணியத்தில் ஆணுக்கு இடமுண்டா என்னும் வினாவுக்கு உண்டு, இல்லை என்னும் விடைகள் போதா என்பது மேற்கண்ட பனுவல்களால் தெளிவாகின்றது. பெண் குரலை மேற்கொள்ளுதல் தமிழ் மரபில் தொன்மையான வழக்கு. அது தன்னளவில் விடுதலைச் செயலாகாது. பெண்ணின் துயரைப் பாடும் பனுவலைவிட, அத்துயரால் ஆண் பெறும் ஆதாயத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் பனுவல் பெண்ணிய நோக்குக்கு நெருக்கமானது. படைப்பின் முடிவுகளைப் பெண்களோடு பகிரும் கூட்டுக்கலை, தனித்து எழுதும் ஆணுக்கு வாய்க்காத ஒரு வழியைத் திறக்கின்றது.

இம்முடிவுகள் ஆய்வுநெறிக்கும் உரியவை. ஓர் ஆண் படைப்பாளியின் பெண் பாத்திரங்களைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு அமையும் ஆய்வேடுகள், அவருடைய ஆண் பாத்திரங்களையும் அதே கண்ணோட்டத்தில் ஆராய வேண்டும். அப்படைப்பு தோன்றிய காலத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்களின் பனுவல்களை உடன்வைத்துப் படிக்க வேண்டும். மாதவையாவைக் கிருபாபாயோடும், பெரியாரை இராமாமிர்தம் அம்மையாரோடும், புதுமைப்பித்தனை அம்பையோடும், இன்குலாப்பை மங்கையோடும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ‘குரல் கொடுத்தவர்’ என்னும் தொடரால் மறைக்கப்பட்டிருந்த பெண்களின் குரல்கள் இலக்கிய வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறும்.